பாதிக்காரன்

"உப்பு" என்றாள் ரோஸான்.

"உப்பு" என்று திருப்பிச் சொல்லிவிட்டு உப்புச் சிமிழை அவள் தட்டுப் பக்கம் நகர்த்தினான் டேல்.

"மிளகு."

"மிளகு."

இரவுச் சாப்பாட்டுப் பேச்சு அதோடு முடிந்தது. விமானம் கிளம்புவதற்கு முன்னால் ஓட்டுகிற இருவரில் ஒருவர் ஒன்றைச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது வழக்கம். அந்த வழக்கம்தான் பத்துப் பதினைந்து நாளாக இருவருமே விமானிகளான அந்த வீட்டுச் சமையலறையில் நடந்துகொண்டிருந்தது. மேசைக்கடியில் படுத்திருந்த நாய்க்குக் கிடைத்த வார்த்தைகள்கூட அவனுக்குக் கிடைக்கவில்லை. "ஏண்டா கண்ணு, காலெல்லாம் ஈரம், எங்கடா போய்ச் சுத்திட்டு வந்த?" என்று அவள் நாயைக் கொஞ்சும்போது டேலுக்கு அதன்மேல் பொறாமையாக இருந்தது. கட்டின பெண்டாட்டியின் வாயிலிருந்து ஒரு வசவாவது வராதா என்று ஏங்குகிற நிலைக்கு மனிதன் வந்துவிட்டால் அப்புறம் நாயென்ன, பூனையென்ன.

கோராபோலிஸ் ஊர் ஒஹாயோ ஆற்றோரத்தில் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் மேடு, மேட்டுக்கு மேல் பிட்ஸ்பர்க் விமான நிலையம். அப்பன்மார் எஃகு ஆலைக்குப் போன தெருக்களிலிருந்து பிள்ளைகள் விமான நிலையத்துக்குப் போனார்கள். பெட்டி தூக்குகிறவன், எண்ணெய் நிரப்புகிறவன், ஓட்டுகிறவன் எல்லாரும் ஒரே கடையில்தான் ரொட்டி வாங்கினார்கள். அந்த வருஷம் மார்ச் மாதம் பிறந்தும் பனி போகவில்லை. தெருவோரமெல்லாம் கரி பூசின மாதிரி அழுக்குப் பனி குவிந்து கிடந்தது.

சண்டை என்னவென்று சொல்லிவிட வேண்டும். முதலாளி ஒருவர்தான், கம்பெனி இரண்டு. பெரிய கம்பெனி பெரிய விமானங்களை ஓட்டியது. சின்னக் கம்பெனி சின்ன ஊர்களுக்குச் சின்ன விமானங்களை ஓட்டியது. இரண்டுக்கும் வெளியில் ஒரே சாயம். பயணிக்கு வித்தியாசம் தெரியாது, சம்பளம் வாங்குகிறவனுக்குத்தான் தெரியும். பெரிய கம்பெனிக்காரன் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான் சின்னக் கம்பெனிக்காரனுக்கு. அதனால் பெரிய கம்பெனிச் சங்கம் ரொம்ப காலமாக ஒரு வேலி போட்டு வைத்திருந்தது. சின்னக் கம்பெனி ஜெட் விமானம் இத்தனைதான் வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒன்றுகூட வாங்கக் கூடாது. இல்லாவிட்டால் முதலாளி எல்லா வேலையையும் மலிவுக் கூலிக்குத் தள்ளிவிடுவான் என்ற பயம். பயம் நியாயமானதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் வயிற்றெரிச்சலும் நியாயமானதுதான்.

நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தபின் ஜனங்கள் விமானம் ஏறப் பயந்தார்கள். பெரிய கம்பெனி நஷ்டக் கணக்குக் காட்டி, வேலையில் கடைசியாகச் சேர்ந்தவர்களிலிருந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தது. ஐம்பது பேர் உட்காரும் ஜெட்டுகளைச் சின்னக் கம்பெனிக்கு வாங்கப் போகிறேன், வேலியை எடுங்கள் என்றான் முதலாளி. எடுக்கிறோம், ஆனால் அந்த ஜெட்டுகளில் இடது நாற்காலியில், அதாவது கேப்டன் இடத்தில், பாதியை வேலை போன எங்கள் ஆட்களுக்குத் தர வேண்டும் என்றது சங்கம். ஒப்பந்தம் அந்தச் சங்கத்தாரின் ஓட்டுக்கு வந்தது. ஓட்டுப் பெட்டியெல்லாம் இல்லை, தொலைபேசியில் சம்மதமென்றால் ஒன்று, இல்லையென்றால் இரண்டு. ஒன்று ஜெயித்தது.

அப்போது பெரிய கம்பெனியில் இருந்த டேலும் ஒன்றைத்தான் அழுத்தினான். நான்கே மாதத்தில் அவனுக்கும் வேலை போனது. ஒப்பந்தப்படி சின்னக் கம்பெனி ஜெட்டில் இடது நாற்காலி கிடைத்தது.

ரோஸான் சின்னக் கம்பெனியில் ஒன்பது வருஷமாக ஓட்டினவள். அதில் கடைசி நாலு வருஷம் இறக்கையில் காற்றாடி சுழலும் விமானத்தில் கேப்டன். ஜெட்டுகள் வந்ததும் காற்றாடி விமானங்களை ஓரங்கட்டினார்கள். ஜெட்டில் அவள் முறைக்கு இருந்த இடது நாற்காலிகளில் பாதி பறிபோனதால் வரிசை அவளுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. மறுபடி வலது நாற்காலி, துணை விமானி, குறைந்த சம்பளம். கோட்டுக் கையிலிருந்த நாலு பொன் பட்டைகளில் ஒன்றை அவளே சமையலறை மேசையில் உட்கார்ந்து ஊசியால் நூல் நூலாகப் பிரித்து எடுத்தாள். பட்டை போன இடத்தில் துணி மற்ற இடத்தைவிடக் கருநீலமாக, புதுசாகத் தெரிந்தது. அந்தக் கோட்டைத்தான் தினமும் போட்டுக்கொண்டு போனாள்.

அப்படி வந்து உட்கார்ந்த பெரிய கம்பெனிக்காரர்களுக்குச் சின்னக் கம்பெனியில் பாதிக்காரன் என்று பெயர் வைத்தார்கள். டேலுக்கு அது கூடுதலாக உறைத்தது. அவன் பெரிய கம்பெனிக்குப் போவதற்கு முன் அங்கேயே ஓட்டினவன். ரோஸானைச் சந்தித்ததே அங்கேதான். அவன் போகும்போது தோளில் தட்டிப் பீர் வாங்கிக் கொடுத்து வழியனுப்பினவர்கள்தான் இப்போது அவன் வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் கூரையைப் பார்த்தார்கள்.

சின்னக் கம்பெனிச் சங்கத்துக்கு கஸ் பெல்லோட்டி தலைவர். குட்டையான மனுஷன், குரல் மட்டும் பெரிசு. விமான நிலையத்துச் சாலையில் ஒரு விடுதிக் கூடத்தில் கூட்டம் போட்டார். "பாதிக்காரன்கூட ஓட்டறப்போ சரிபாக்கற புத்தகத்துல இருக்கறதுக்கு மட்டும் வாயத் தொறங்க. அதுல கொறை வைக்கக் கூடாது, ஏன்னா பின்னால ஐம்பது உசுரு உக்காந்திருக்கு. அதுக்கு மேல ஒரு குட்மார்னிங்கூடக் கெடையாது" என்றார்.

ரோஸான் கையைத் தூக்கினாள். "வீட்லயுமா?"

கூடமே சிரித்தது. ரோஸான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "உப்பு" என்று ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் டேல் கெஞ்சிப் பார்த்தான். "ரோஸி, நான் இந்தச் சீட்ட விட்டாக்கூட உனக்கு வராது. லிஸ்டுல அடுத்து நிக்கற பெரிய கம்பெனிக்காரனுக்குத்தான் போகும். உனக்கே தெரியுமே."

அவள் குழாயைத் திறந்து பாத்திரம் கழுவினாள். அவளுக்குத் தெரியும். அது தெரிந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"ஒப்பந்தத்துல பாதி சீட்டு விஷயம் இருக்கற அந்தப் பக்கத்த நான் படிக்கவே இல்ல. அவ்வளவு தடியா அனுப்பியிருந்தாங்க. எல்லாரும் மாதிரி சம்பளப் பக்கத்தப் பாத்தேன், ஒண்ண அமுக்கினேன். சத்தியமா."

ரோஸான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த கையை நிறுத்தி அவனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பார்வையில் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. இப்படியும் ஒரு மடையனா என்கிற மாதிரிப் பார்த்துவிட்டு மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அந்தப் பார்வையைத் தாங்குவதைவிட அவள் அடித்திருக்கலாம் என்று டேலுக்குத் தோன்றியது. ஏனென்றால் அவன் படித்திருந்தான்.

ஹார்ட்ஃபோர்ட் ஊரில், விடுதிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, பீட்சாவை மார்மேல் வைத்துத் தின்றுகொண்டே படித்தான். சம்பளப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நேராக அந்தப் பக்கத்துக்குத்தான் போனான். கடைசியாகச் சேர்ந்தவர்களில் அவனும் ஒருவன். விழுந்தால் கீழே ஒரு மெத்தை இருக்கிறதா என்பதுதான் அவன் கவலை. மெத்தை இருந்தது. அந்த மெத்தைக்கு அடியில் யார் படுத்திருப்பார்கள் என்பதும் அந்தக் கட்டிலிலேயே அவனுக்குத் தெரிந்தது. இரண்டாவது தடவை படித்துவிட்டு, பீட்சாப் பெட்டியை மூடிவைத்துவிட்டு, ஒன்றை அழுத்தினான்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்த ஊர் மாதாகோயில் நிலவறைக் கூடத்தில் மீன் பொரிப்பார்கள். வெள்ளியன்று இறைச்சி ஆகாது என்பது பேருக்கு. வேதக்காரன், வேதத்தை விட்டவன், இரண்டும் இல்லாதவன் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். பெண்கள் வியாழக்கிழமையிலிருந்தே வந்து உட்கார்ந்து பியரோகி பிடிப்பார்கள். உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் மசித்துப் பூரணமாக வைத்து, மாவை மடித்து, ஓரத்தை விரலால் கிள்ளி மூட வேண்டும். கிள்ளல் தளர்ந்தால் கொதிநீரில் வாயைப் பிளந்துவிடும். ரோஸானுக்குக் கிள்ளல் கெட்டி. ஆண்களுக்கு எண்ணெய்ச் சட்டி. டேல் வருஷா வருஷம் மீன் பொரிக்கிறவன். பீர் ஊற்றிக் கரைத்த மாவில் காட் மீனைத் தோய்த்து வாலைப் பிடித்து எண்ணெயில் இறக்கி, ஒரு நொடி பிடித்திருந்து விட வேண்டும். சட்டென்று விட்டால் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த வெள்ளிக்கிழமையும் அவன் வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்றான். பரிமாறும் மேசையில் டாட்டி என்ற பெரிய உடம்புக்காரி தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் கஸ் வந்தார், பின்னால் இன்னும் நாலைந்து விமானிகள்.

"இது யாரு பொரிச்ச மீன்?" என்றார் கஸ்.

"உனக்கு மீன் வேணுமா, மீனோட ஜாதகம் வேணுமா?" என்றாள் டாட்டி. "தட்ட நீட்டு, பின்னால ஆளு நிக்குது."

"ஐயா கையால பொரிச்சதுன்னா எனக்கு வேண்டாம்மா. பாதி மீன் அவரு பங்குக்கு எடுத்திருப்பாரு."

பின்னால் நின்றவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். ஒருவன், "தலைப் பக்கத்த அவரு எடுத்துக்குவாரு, வால நமக்கு விடுவாரு" என்றான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். டேல் எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றான். காது சூடாகிவிட்டது. எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் இருந்ததால் முகம் சிவந்தது யாருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டான்.

பியரோகி மேசையிலிருந்து ரோஸான் எழுந்து வந்தாள். கையெல்லாம் மாவு.

"கஸ், போதும்."

"ஏம்மா, நாங்க மீனப் பத்திப் பேசறோம்."

"நீ யாரப் பத்திப் பேசறேன்னு சட்டில கெடக்கற மீனுக்குக்கூடத் தெரியும். இங்க பாரு, எல்லாரும் கேட்டுக்கங்க. இவன் அந்தப் பக்கத்தப் படிக்கல. இவன உங்களுக்குத் தெரியாதா? கூரை போட வந்தவன் நீட்டின காகிதத்தப் படிக்காம கையெழுத்துப் போட்டான், பச்சைக் கலர் ஓடு வந்து எறங்குச்சு. நம்ம தெருவுல பச்சைக் கூரை வீடு எது? எங்க வீடுதான். பாத்திரம் கழுவற மெஷின் வாங்கினான், அளவு பாக்கல, ரெண்டு வருஷமா கார் ஷெட்டுல நிக்குது. அதுமேல நாய் படுத்துத் தூங்குது. சம்பளப் பக்கத்தப் பாத்தான், ஒண்ண அமுக்கினான், அவ்வளவுதான். இவன் முட்டாள். திருடன் இல்ல. முட்டாளக் கட்டிக்கிட்டது என் தப்பு, அதுக்கு வேணா சிரிங்க."

சிரித்தார்கள். ஆனால் இது வேறு சிரிப்பு. டாட்டி கரண்டியால் மேசையைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். கஸ் மட்டும் சிரிக்கவில்லை. ரோஸானை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் அவள் தோளுக்கு மேலாக டேலைப் பார்த்தார்.

"படிக்கலன்னு நீ சொல்றியா, ரோஸான்?"

"நான் சொல்றேன். என் வார்த்தை."

கஸ் தட்டை நீட்டினார். "சரி. மீனப் போடு டாட்டி. பெரிசாப் பாத்துப் போடு."

காரில் ஏறினதும் ரோஸான் பேச ஆரம்பித்தாள். அத்தனை நாள் அடைத்து வைத்திருந்த பேச்சு. பிரேக் போட்டால் கீச்சென்கிறது, ஏன் கவனிக்கவில்லை என்றாள். டாட்டிக்கு முழங்கால் ஆப்பரேஷனாம் என்றாள். அவன் தங்கை அனுப்பின ஸ்வெட்டர் கண்றாவியாக இருக்கிறது, போன வாரமே சொல்ல வேண்டும் என்று நாக்கு துடித்தது என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உப்பு உப்புன்னு சொல்லிச் சொல்லி எனக்கு உப்புமேலயே வெறுப்பு வந்திருச்சு. இவ்வளவு நாளும் எப்படித்தான் பொறுத்துக்கிட்டியோ" என்று அவன் காதைப் பிடித்துத் திருகினாள்.

இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று டேலுக்கு இருந்தது. சிக்னலில் நிற்கும்போது சொல்லலாம் என்று நினைத்தான். பச்சை விழுந்தது. பாலத்தைத் தாண்டிச் சொல்லலாம் என்று நினைத்தான். பாலம் முடிந்து வீடும் வந்துவிட்டது. அவளுடைய சிரிப்பு அவனுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவனுக்கே வெட்கமாக இருந்தது. கோழை, கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டு காரைப் பூட்டினான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேலைப் பட்டியல் போடுகிறவர்கள் இருவரையும் ஒரே விமானத்தில் போட்டுவிட்டார்கள். அவன் இடது, அவள் வலது. விமான நிலையத்தில் எல்லாருக்கும் அது ஒரு தமாஷ். "வீட்ல யாரு கேப்டன்னு இன்னிக்குத் தெரிஞ்சுரும்" என்றாள் டிக்கெட் பார்க்கும் பெண்.

பிங்ஹாம்டன் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பிக் கிளம்பும் நேரத்துக்குப் பனிமழை பிடித்துக்கொண்டது. கிளம்புவதற்கு முன் விமானத்தைச் சுற்றி வந்து சக்கரம், இறக்கை, வால் எல்லாம் பார்ப்பது துணை விமானியின் வேலை. டேல் அவளை முந்திக்கொண்டு கோட்டை மாட்டினான்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஐஸாக் கொட்டுது. நான் பாத்துட்டு வரேன், நீ உக்காரு."

"ரொம்பத்தான் கரிசனம். என்கிட்ட மிச்சம் இருக்கறதே அந்த வேலதான், அதையும் புடுங்கிக்காத" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கண்ணாடி வழியாக டேல் பார்த்தான். காற்று அவளைத் தள்ளியது. ஒரு கையால் தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தடியில் குனிந்து, இறக்கைக்கடியில் டார்ச்சை அடித்து, ஒன்றையும் விடாமல் பார்த்தாள். திரும்பி வந்தபோது கோட்டுக் கைகள் நனைந்திருந்தன. ஈரத்தில் மற்றத் துணியும் கறுத்துவிட்டதால் பட்டை போன இடம் தெரியவில்லை.

பிட்ஸ்பர்க்கில் ஓடுபாதையில் பனி தள்ளுகிறார்கள், சொல்லும்வரை காத்திருங்கள் என்று வானொலியில் வந்தது. பயணிகள் இன்னும் ஏறவில்லை. பணிப்பெண் காபி வாங்க உள்ளே போயிருந்தாள். ஐம்பது காலி இருக்கைகளுக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் ரோஸான். "கஸ் நேத்துக் கூப்பிட்டாரு. பேச்சுவார்த்தைக் குழுவுக்கு என்ன நிறுத்தப் போறாராம். முதலாளிகிட்ட பேச, உங்க சங்கத்துகிட்ட பேச. 'நீ அன்னிக்குக் கோயில்ல பேசினேல்ல, அந்த வாய்தான் எங்களுக்கு வேணும். சொன்ன வார்த்தைக்கு நிக்கற ஆளு வேணும்'னாரு."

"நல்லது" என்றான் டேல்.

"என்ன நல்லதுங்கற, குரல் செத்துப் போயிருக்கு. எனக்கு ஒரு பதவி வந்தா உனக்குப் பொறுக்கலையா?"

"ரோஸி."

"சொல்லு."

"நான் படிச்சேன்."

"எத?"

"அந்தப் பக்கத்த. படிச்சுட்டுத்தான் அமுக்கினேன்."

கண்ணாடியில் ஐஸ் துகள்கள் பொறுபொறுவென்று விழுந்துகொண்டிருந்தன. ரோஸான் நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க வச்சுப் படிச்ச?"

"ஹார்ட்ஃபோர்ட்ல. ஓட்டல்ல."

"முழுசாவா?"

"ரெண்டு தடவ."

"அதுல என் சீட்டு இருக்குன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சு?"

"என் வேல போயிரும்னு பயமா இருந்துச்சு. வீட்டுக் கடன், கூரைக் கடன்... நம்ம ரெண்டு பேருக்குந்தானேன்னு நெனச்சேன்."

"நம்ம ரெண்டு பேருக்குன்னா என்கிட்ட ஏன் கேக்கல?"

கேட்டிருந்தால் அவள் இரண்டை அழுத்தச் சொல்லியிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை. அதை அவள் வாயாலேயே அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ஊருக்கு முன்னால நின்னு என் வார்த்தைன்னேன்" என்றாள் ரோஸான். குரல் ரொம்பத் தாழ்ந்துவிட்டது. "கூரையச் சொன்னேன், மெஷினச் சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க. நீ அங்க நின்னு கேட்டுக்கிட்டே இருந்த. மீன் பொரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்த."

வானொலி கரகரத்தது. கிளம்பலாம் என்று வந்தது. பயணிகள் ஏறினார்கள். ஒரு கிழவர் தலையை உள்ளே நீட்டி, "பத்திரமா கொண்டுபோய்ச் சேருங்க கேப்டன்" என்று டேலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ரோஸான் சரிபார்க்கும் பட்டியலை எடுத்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள், டேல் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை. மேகத்துக்கு மேலே வெயிலுக்கு வந்தபிறகும் புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை. இந்தத் தடவை விமானத்தை இறக்குகிற முறை அவளுடையது. குறுக்குக் காற்றில், பனி தள்ளின பாதையில், பாலில் சர்க்கரை விழுகிற மாதிரி இறக்கினாள். பயணிகள் இறங்கும்போது அந்தக் கிழவர் டேலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவங்க இறக்கினாங்க" என்றான் டேல். கிழவருக்குக் காது சரியில்லை போலிருக்கிறது. "உங்க அடக்கம் பெரிசு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கார் நிற்கும் இடத்தில்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"வெள்ளிக்கிழம நீயே போய் கஸ்கிட்ட சொல்லு. நான் குடுத்த வார்த்தைய நான் போய்த் திருப்பி வாங்க மாட்டேன். நீ வாங்கிட்டு வா. அதுக்கப்பறம் என்ன குழுவுல போடறதும் போடாததும் அவங்க இஷ்டம்."

அந்த வாரம் முழுக்க சாப்பாட்டு மேசையில் அவள் உப்புக் கேட்கவில்லை. எழுந்து போய் எடுத்துக்கொண்டாள். முன்பு இருந்த மௌனம் சங்கத்துடையது, கூட்டம் போட்டுத் தீர்மானித்தது, கூட்டம் போட்டு நீக்கவும் நீக்கலாம். இது அவளுடையது. டேல் வீட்டில் நடமாடுவதற்கே கூசினான். பிரேக்கைச் சரிசெய்தான். கார் ஷெட்டிலிருந்த மெஷினை நகர்த்தி, ஒரு விளம்பரம் கொடுத்து, வந்த விலைக்கு விற்றான். மெஷினுக்குப் பதிலாக விரித்த பழைய ஜமுக்காளத்தின்மேல் படுக்கப் பிடிக்காமல் நாய் வந்து அவனைப் பார்த்துக் குரைத்தது.

வெள்ளிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. கோயிலுக்குப் பின்னால், காலி எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்த இடத்தில் கஸ் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். டேல் ஏப்ரனோடு வெளியே போனான்.

"கஸ், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுய்யா. மீன் தீஞ்சிரப் போகுது."

"ரோஸான் அன்னிக்குச் சொன்னது சரியில்ல. அவமேல தப்பு இல்ல, நான் அவகிட்டப் பொய் சொன்னேன். நான் அந்தப் பக்கத்தப் படிச்சேன். படிச்சுத் தெரிஞ்சுதான் ஓட்டுப் போட்டேன். அவளக் குழுவுல இருந்து எடுத்துறாதீங்க. வேணும்னா இத உள்ள வந்து எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

கஸ் புகையை விட்டார். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"எதுக்குய்யா உள்ள வந்து சொல்லணும்?"

"அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"யாருக்கு?" கஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "விழப் போறவன் கீழ என்ன இருக்குன்னு பாக்காம இருப்பானா? நானா இருந்தா நாலு தடவ படிச்சிருப்பேன். அந்த வரிசைல நின்னவன் ஒருத்தன்கூட நீ படிக்கலன்னு நம்பல. நீ படிச்சேன்னு டாட்டிக்குக்கூடத் தெரியும், அவ ஏரோப்ளேன்ல ஏறினதே கெடையாது. படிக்கலன்னு நம்பினது அவ ஒருத்திதான்."

டேல் டின்மேல் கையை ஊன்றிக்கொண்டான்.

"அப்ப அன்னிக்கு ஏன் தட்ட நீட்டினீங்க?"

"அவ என் வார்த்தைன்னு சொன்னாளே. அதுக்கு மேல நான் என்ன பண்ண? உன் புருஷன் புளுகறான், ஊருக்கே தெரியுது, உனக்கு மட்டும் தெரியலன்னு அவ்வளவு ஜனத்துக்கு முன்னால அவ மூஞ்சில அடிக்கவா? கைல மாவோட நிக்கறா அந்தப் பொம்பள." சிகரெட்டைப் பனியில் போட்டு மிதித்தார். "அவ பேரு குழுவுல அப்படியேதான் இருக்கும். ஆனா ஒண்ணு. எங்க எல்லாருக்கும் தெரியும்ங்கறத அவகிட்டச் சொல்லித் தொலைக்காத. அத மட்டுமாவது அவளுக்குச் செய்யி."

கஸ் உள்ளே போய்விட்டார். டேல் அங்கேயே நின்றான். மேலே ஒரு விமானம் சக்கரங்களை நீட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் இறங்கியது. அவளிடமிருந்து நாற்காலியை எடுத்தோம், வார்த்தையை எடுத்தோம், அது இரண்டுமே சிறிசு என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவளை ஊர் நடுவில் தனியாக நிறுத்திவிட்டு வந்திருக்கிறோம், அவள் நிற்பது அவளுக்கே தெரியாமல் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதுதான் பெரிசு.

உள்ளே வந்தான். ரோஸான் பெரிய வாணலியில் வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, வெந்த பியரோகியை அதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவனைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

கூடத்தில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். டாட்டி அடுத்த தட்டு, அடுத்த தட்டு என்று கத்திக்கொண்டிருந்தாள். டேல் ரோஸானுடைய முதுகைப் பார்த்தான். பதிலுக்காக அந்த முதுகு விறைத்துப்போய் இருந்தது.

"ஆடிப் போயிட்டாரு" என்றான்.

"அவரும் நம்பியிருந்தாரா?"

"நம்பியிருந்தாரு. எல்லாருமே நம்பியிருந்தாங்களாம்."

அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. கரண்டியை வைத்துவிட்டு நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் ஒருத்தி மட்டும் ஏமாறல."

"இல்ல ரோஸி. எல்லாரையும்தான் ஏமாத்தினேன்."

"சீ" என்றாள். வெறுப்போடுதான் சொன்னாள். ஆனாலும் அவள் முகம் அந்த வாரத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிந்திருந்தது. வாணலியைப் பார்த்தாள், ஒரு பியரோகியைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்தாள், அவன் பக்கம் திரும்பாமல் கையை நீட்டினாள்.

"உப்பு."

டேல் எடுத்துக் கொடுத்தான். திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை.